ரயில்காரர் போட்ட பிறை

ஹத்மோகோவுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில்தான் இருப்பார், வலது முழங்கால் மட்டும் தனியாக எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் வினார்சி அதன் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் மறுபடி ஓடியது. இருபத்தாறு வருடத்தில் அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை காலை மேசையே ஆடியது. டீ தளும்பித் தட்டில் கொட்டியது.

“மாஸ்” என்றாள் வினார்சி; ஜாவாவில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “ஒண்ணு டீயைக் குடிங்க, இல்ல மேசையை விடுங்க.”

“குடிக்கிறேன்.”

“நேத்து அந்த பேங்க் அம்மா போன் பண்ணதுலேருந்து இப்படித்தான் இருக்கீங்க. சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போற மனுஷன் மாதிரியா இருக்கீங்க? படிக்காம பரீட்சைக்குப் போற பையன் மாதிரி இருக்கீங்க.”

“வாதுரெஜோ வரைக்கும் போயிட்டு வரேன்.”

“இன்னைக்கா?”

“சந்தை நோட்டு எழுதின ரயில்காரரோட போட்டோ ஒண்ணு வேணும். சனிக்கிழமை திரையில காட்டணும்.”

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஹத்மோகோவின் அப்பா ஒரு பாவைக்கூத்துக் குழுவில் பெரிய வெண்கலச் சேகண்டி அடித்தவர். மற்றவர்கள் கை ஓயாமல் வாசிப்பார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். நீண்ட சுற்று ஒன்று முடியும்போது ஒரே ஒரு அடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த அடிக்காகக் காத்திருப்பது தாங்க முடியாத வேலையாக இருந்தது. எப்போது வரும் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ண ஆரம்பித்தான். சின்ன வாத்தியம் இரண்டு அடித்தால் அடுத்தது ஒன்று. அது இரண்டு அடித்தால் அதற்கடுத்தது ஒன்று. பன்னிரண்டு வயதில் முழுச் சுற்றையும் ஒரு மரம்போலத் தரையில் கரிக்கட்டியால் வரைந்துவிட்டான். காத்திருப்பது அதனால் எளிதாகவில்லை.

யோக்யகர்த்தாவில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் வாத்தியாரானார். மணல் குவியலில் எந்த மணி விழும்போது சரிவு வரும், பறவைக் கூட்டம் தலைவன் இல்லாமல் எப்படித் திரும்புகிறது என்கிற வகைக் கணக்கு அவருடையது. ஒருவருக்கும் தனியாகத் தெரியாத ஒன்று கூட்டத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? சிக்கலமைப்புக் கோட்பாடு என்று பாடப் புத்தகம் சொல்லும். அதை வைத்து பாத்திக் துணியின் கோலங்களை அளந்தார். அப்பாவின் சேகண்டிச் சுற்றை அளந்தார். மசூதிக் கூரைகளை அளந்தார். இருபது வருடத்தில் பதினேழு கட்டுரைகள். அவற்றைப் படித்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்லூரியில் அவர் புது பாத்திக் சட்டை போட்டு வந்தால், “பூவெல்லாம் எண்ணியாச்சா?” என்று கேட்பார்கள்.

பிறகு ஆடுகள் வந்தன.

குனுங் கிதுல் மலைப் பக்கத்தில் ஐந்து ஊர்கள் முறைவைத்து ஆட்டுச் சந்தை கூட்டுகின்றன. வாரத்துக்கு ஏழு நாள் என்பது பள்ளிக்கும் அலுவலகத்துக்கும்தான். ஆட்டுக்கு ஐந்து நாள்: லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன். ஒவ்வொரு நாளும் ஒரு ஊர். ஐந்து ஊரிலும் சந்தை வரி வசூலித்தவர்கள் ஒவ்வொரு ஆட்டின் விலையையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஹத்மோகோ மூன்று வருடம் அலைந்து அந்த நோட்டுகளைச் சேர்த்தார். ஒரு ஊரில் ஏற்படும் விலை ஏற்றம் அடுத்த ஊருக்கு எப்படி நடந்து போகிறது என்று பார்ப்பது அவர் எண்ணம்.

நாலு ஊர் ஒழுங்காக நடந்தன. ஐந்தாவது, கிளிவோன் சந்தையான வாதுரெஜோ, நடக்கவில்லை. முந்தின நாள் கூடும் வாகே சந்தையில் விலை என்ன ஆகப்போகிறது என்பது வாதுரெஜோவுக்கு முன்பே தெரிந்திருந்தது. வாகே சந்தை கூடுவதற்கு முந்தின ராத்திரியே வாதுரெஜோவின் ராத்திரி விற்பனையில் அதே விலை ஏறியது, அதே விலை இறங்கியது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இருபத்திரண்டு வருடம்.

பத்திரிகையில் வந்தது. “நாளையை அறிந்த சந்தை” என்று தலைப்பு. சிங்கப்பூரில் பேசக் கூப்பிட்டார்கள். ஜகார்த்தாவில் ஒரு வங்கி ஐந்து சந்தை வியாபாரிகளுக்கும் கடன் கொடுக்க முன்வந்தது. பொன் நாள் இருட்டிய பிறகு வாதுரெஜோவில் விலை ஏறினால், விடிவதற்குள் வாகே சந்தைக்காரர்கள் கைக்குப் பணம் போகும். விலை ஏறுமுன் வாங்கிக்கொள்ளலாம். கணக்கு ஹத்மோகோவுடையது. சனிக்கிழமை வட்ட அலுவலகத்தில் கையெழுத்து. கல்லூரியில் சட்டையைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

நேற்று வங்கியிலிருந்து மெலானி அழைத்தாள். அவளுக்கு அவர் ‘பாக்’, அதாவது ஐயா; அவருக்கு அவள் ‘இபு’, அம்மா.

“பாக், ஒரு சின்ன விஷயம். எங்க ஆள் ஒருத்தர் போன சுற்றுல பொன் நாள் இருட்டினப்புறம் வாதுரெஜோ போயிருந்தார். படம் எடுக்க. அங்க ஒரு ஆடுகூட இல்லையாம். ஒரு நாய்தான் படுத்திருந்துதாம்.”

“மழையா இருந்திருக்கும், இபு.”

“ஓ. சரி சரி. அதான் கேட்டேன்.”

போன சுற்றில் மழை இல்லை. மழை என்று அவர் வாய்தான் சொன்னது. அவர் பொன் நாள் இருட்டியபின் வாதுரெஜோவுக்குப் போனதே இல்லை. இருபத்திரண்டு வருட நோட்டு கையில் இருக்கும்போது ஒரு ராத்திரி எதற்கு? கிளிவோன் சந்தைக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஏன் ஆடு விற்கிறார்கள் என்று ஒரு கேள்வி எழத்தான் செய்தது. தூரத்து ஊர்க்காரர்கள் முன்கூட்டி வந்து தங்குவார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதி அதை அடக்கியிருந்தார்.

ஸ்கூட்டரில் ஒன்றரை மணி நேரம். மேடேறும் சாலையில் பொரித்த வெட்டுக்கிளியைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வழக்கமாக ஒன்று வாங்குவார். இன்று நிற்கவில்லை.

சந்தை பாதி கலைந்திருந்தது. நுழைவாயிலில் புதிதாகப் பலகை: “நாளையை அறிந்த சந்தைக்கு நல்வரவு.” அதன் கீழே தரகர் சாதிகுன் ஒரு கிடாவின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க பாக் தோசென், வாத்தியாரையா. பலகை எப்படி? எழுத்துக்கு மட்டும் ரெண்டு லட்சம் ரூபியா. ஆடு படம் போடச் சொன்னேன், நாய் மாதிரி போட்டுட்டான்.”

“நல்லாருக்கு, காங்” என்றார், அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

“சனிக்கிழமை நான் சட்டையை உள்ள விட்டுக்கிட்டுதான் வரணுமாம். ஊர்த்தலைவர் உத்தரவு. என் தொந்திக்கு அது முடியற காரியமா?”

அவரிடம் கேட்டிருக்கலாம். பொன் நாள் இருட்டியதும் இங்கே ஆடு விற்பீர்களா என்று ஒரு வரி. கேட்டால் பதில் வந்துவிடும்.

“யூ ரூமி கடையில இருக்காங்களா?”

“இருக்கா. இன்னைக்குக் குழம்புல மிளகு தூக்கல். ஜாக்கிரதை.”

ரூமியாதியின் கடை சந்தையின் கோடியில் இருக்கும் ஆட்டுக்கறிக் கடை. ஊருக்கு அவள் ‘யூ’, அதாவது அக்கா; வாதுரெஜோ நோட்டுகளை எழுதியவரின் ஒரே மகள். அவர் நகரத்து ரயில் நிலையத்தில் வண்டி கோக்கும் வேலையில் இருந்தவர். இரண்டு கால்விரல் போனதும் மனைவியின் ஊரான இங்கே வந்து சந்தை வரி வசூலித்தார். இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் ஊரில் அவர் ரயில்காரர்தான்.

“போட்டோவா? ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு பாக். அதுலயும் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

சுவரிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். ஒல்லியான மனிதர். உண்மையாகவே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படம் எடுத்தவன் ரெண்டு நிமிஷம் லேட்டாம். அதுக்குத்தான் அந்த மூஞ்சி.” அவர் முன்னால் குழம்புத் தட்டை வைத்தாள். “சாப்பிடுங்க. சனிக்கிழமைன்னா என்ன நாளு வருது? லெகி முடிஞ்சு பாஹிங். பரவாயில்ல. உங்க பிறந்த நாள் என்ன பாக்? பொருத்தம் பாத்தீங்களா கையெழுத்துக்கு?”

“பாக்கல.”

“படிச்சவங்க பாக்க மாட்டாங்க. எங்க வீட்டுல பாத்தே ஒழிஞ்சுது. எனக்கு ரெண்டு பிறந்த நாள், தெரியுமா?”

“எப்படி?”

“அம்மா கணக்குல நான் கிளிவோன். அப்பா கணக்குல வாகே. ஒரே ராத்திரி, ஒரே பிரசவம். சாகிற வரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. மாப்பிள்ளை வீட்டுல அம்மா சொன்ன கிளிவோனை வெச்சுக் கூட்டிப் பாத்தாங்க, அமோகமாப் பொருந்திச்சு. அப்பா, ‘வாகேப்படி பாத்தா இவன் உனக்கு ஆகமாட்டான்’னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு.”

“யார் சொன்னது சரியாப் போச்சு?”

“அவன் வேலைக்குன்னு பாத்தாம் தீவுக்குப் போயி நாலு வருஷம் ஆச்சு. அப்பாதான் ஜெயிச்சாரு போலிருக்கு.”

அடுத்த மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹத்மோகோ சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் அப்படியே நின்றது. முழங்காலும் நின்றிருந்தது. அது அவருக்கே விசித்திரமாக இருந்தது.

இருட்டியதும் மறுநாள் தொடங்கிவிடுகிறது. மக்ரிப் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாழன் போய் வெள்ளி வந்துவிடும். வெள்ளி ராத்திரி என்றால் வியாழன் இருட்டிய பிறகுதான். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. நடக்கக் கற்பதுபோல வந்துவிடும். நோட்டுகளில் ராத்திரி விற்பனை என்றால் நாளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிறை போட்டிருக்கும். கணினியில் ஏற்ற வந்த இரண்டு ஜகார்த்தா மாணவிகள் பிறையைக் கண்டுகொள்ளாமல் அந்தந்தத் தேதியிலேயே போட்டுவைத்தார்கள். “நீங்க எந்த ஊர்ல பொறந்தீங்க? பிறைன்னா முந்தின ராத்திரி. அம்மாகிட்டக் கேளுங்க” என்று அவர்களைக் கடிந்துகொண்டு, ஐந்து ஊர் நோட்டுகளிலும் இருந்த அத்தனை பிறைகளையும் தன் கையாலேயே ஒரு நாள் பின்னுக்குத் தள்ளியவர் அவர்தான். ஜாவாக்காரன் அல்லாதவன் இதில் கோட்டை விட்டிருப்பான் என்று சிங்கப்பூரில் சொன்னபோது கைதட்டினார்கள்.

“யூ ரூமி. உங்க அப்பாவுக்கு நாள் எப்ப ஆரம்பிக்கும்?”

“ராத்திரி பன்னெண்டுக்கு. ரயில்காரருக்கு வேற எப்ப ஆரம்பிக்கும்? ‘மக்ரிப்புக்கெல்லாம் வண்டி தேதி மாத்தாது’ன்னு அம்மாவைக் கத்துவாரு.”

“நீங்க பிறந்தது எத்தனை மணிக்கு?”

“இருட்டி ஒண்ணரை மணி நேரம் கழிச்சு. அப்பா சந்தையில வரி வாங்கிக்கிட்டு இருந்தாரு. நோட்டுலகூட எழுதியிருக்காராமே. நீங்க பாக்கலையா?”

மடிக்கணினியைத் திறந்தார். நோட்டுப் பக்கங்களின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவள் தன் அடையாள அட்டையை நீட்டினாள். அந்த வருடத்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். வாகே, பக்கத்தில் பிறை. பதினோரு ஆடு. ஓரத்தில் ‘பெண்’ என்று எழுதி 19.40. இந்தப் பக்கத்தை அவர் பார்த்திருக்கிறார். பெண் ஆடு, எடை பத்தொன்பது கிலோ நானூறு கிராம் என்று எடுத்துக்கொண்டு கடந்து போயிருந்தார்.

அட்டையில் இருந்த தேதியைக் கணினியில் போட்டார். அது வாகே நாள். வாகே நாளின் சாயங்காலம், ஏழு மணி நாற்பது நிமிடம். ஊருக்கு அது கிளிவோன் பிறந்துவிட்ட நேரம். மற்ற நாலு ஊர்க்காரர்களும் அந்த வேளையைக் கிளிவோன் என்று எழுதிப் பிறை போட்டிருப்பார்கள். ரயில்காரர் மட்டும் வாகே என்று எழுதிப் பிறை போட்டார். அந்தப் பிறையைப் பார்த்த ஹத்மோகோ, வாகேக்கு முந்தின ராத்திரி, அதாவது பொன் நாள் இருட்டிய பிறகு என்று தள்ளிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தையும் அப்படியே.

வாதுரெஜோவின் பிறைகளை மட்டும் பழைய இடத்துக்கு நகர்த்திக் கணக்கை மறுபடி ஓடவிட்டார். குழம்பின் மேல் கொழுப்பு உறையும் நேரம்கூட ஆகவில்லை. ஐந்தாவது கோடு மற்ற நாலோடு போய்ப் படிந்துகொண்டது. தனியாக நின்றது என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. வாகே சந்தையில் காலையில் ஏறிய விலை சாயங்காலம் வாதுரெஜோவுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

“காரமா பாக்?” என்றாள் ரூமியாதி. “முகமெல்லாம் வேர்க்குது.”

“ஆமா.”

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். ஆட்டுப் புழுக்கை மிதிபட்ட வாசனை. யாருக்கும் தெரியாது. நோட்டு அவரிடம். ரூமியாதிக்கு அது தன் கல்யாணக் கதை. மெலானி மழையை நம்பிவிட்டாள். சனிக்கிழமை கையெழுத்தாகும், பொன் நாள் இருட்டியதும் யாராவது ஒரு விலையை எங்கிருந்தாவது பிடித்து எழுதுவார்கள், வங்கி பணம் அனுப்பும், விலை சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். ஒன்றிரண்டு வருடம் கழித்து, காலம் மாறிவிட்டது, இப்போது எல்லாம் கைபேசி என்று ஒரு கட்டுரை எழுதலாம். அந்தக் கட்டுரையின் முதல் பத்தி மனதில் தானாக ஓட ஆரம்பித்ததைக் கவனித்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது.

சாதிகுன் வாயில் கிராம்புச் சிகரெட்டோடு வந்தார்.

“என்ன பாக் தோசென், வண்டி கிளம்பலையா?”

“காங், ஒண்ணு கேக்கணும். பொன் நாள் இருட்டினதும் இங்க ஆடு விப்பீங்களா?”

“பொன் அன்னைக்கா? எதுக்கு? ரெண்டு நாள் கட்டி வெச்சு ஆட்டுக்கு வாடகையா கொடுக்க முடியும்? மறுநாள் வாகே சந்தைக்குப் போவோம். அங்க விக்காத ஆட்டை ஓட்டிக்கிட்டு அப்படியே இங்க வருவோம். இருட்டிடும். வந்ததும் கொஞ்சம் வியாபாரம், அப்புறம் தூக்கம். எங்க அப்பன் காலத்துலேருந்து அதான்.”

“வாகே சந்தை விலை தெரிஞ்சுதான் இங்க வருவீங்க.”

“வித்துட்டு வரவனுக்கு வித்த விலை தெரியாதா?”

ஹத்மோகோ பலகையைக் காட்டினார். “அப்ப அது?”

சாதிகுன் திரும்பிப் பலகையைப் பார்த்தார். நாய் மாதிரி இருந்த ஆட்டையும் பார்த்தார். “பேப்பர்ல ஊர் பேர் வந்துச்சு. நல்லதா ஒருத்தர் சொன்னா, இல்லைன்னா சொல்லுவாங்க?”

“இவ்வளவு தடவை வந்தேன். என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? நோட்டு எங்க, நோட்டு எங்கன்னுதானே கேட்டீங்க.” புகையை ஊதினார். பிறகு அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “அப்ப சனிக்கிழமை?”

“சனிக்கிழமை கிடையாது.”

“கடனும் கிடையாது.”

“கிடையாது, காங்.”

சாதிகுன் கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். “நான் இருபது குட்டிக்கு முன்பணம் கொடுத்து வெச்சிருக்கேன்” என்றார். “சரி. வித்துக்கலாம். தொந்தி தப்பிச்சுது.” கிடாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஹத்மோகோ ஸ்கூட்டரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு மெலானியை அழைத்தார்.

“இபு, போன சுற்றுல மழை இல்ல. நான்தான் பொய் சொன்னேன்.”

அந்தப் பக்கம் ஏதோ கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்; சத்தம் நின்றது. பிறையையும் ரயில்காரரையும் சொன்னார். பிள்ளை பிறந்ததையும் சொன்னார்.

“ஒரு நாள்தானே பாக் வித்தியாசம்? திருத்திட்டாப் போச்சு.”

“அந்த ஒரு நாள்லதான் எல்லாம் இருந்துச்சு. திருத்தினதும் ஒண்ணும் இல்ல.”

“பத்திரமெல்லாம் அச்சாயிடுச்சு. எங்க இயக்குநர் விமான டிக்கெட் எடுத்துட்டாரு. நான் உங்களை நம்பித்தான் உள்ள பேசினேன்.”

“தெரியும்.”

“அந்த நோட்டை வேற யாராவது பாத்திருக்காங்களா?”

கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. அவள் கெட்டவள் இல்லை. காலையிலிருந்து அவரே அந்த வழியில்தான் பாதி தூரம் போயிருந்தார்.

“நான் பாத்துட்டேன், இபு.”

“எழுத்துல அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுபடி ரூமியாதி கடைக்குப் போய் உட்கார்ந்து எழுதினார். ஆறு வரி. மூன்று முறை அழித்து நாலு வரியாக்குவதற்குள் பிற்பகல் சாய்ந்துவிட்டது. வங்கிக்கு ஒன்று, கட்டுரை வெளியிட்ட இதழுக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. கல்லூரியில் யார் முதலில் படிப்பார்கள், யாரிடம் சொல்வார்கள், திங்கட்கிழமை எந்தச் சட்டை போட்டுப் போவது என்பதெல்லாம் வரிசையாக வந்தன. அனுப்பும் பொத்தானின் மேல் விரல் நிற்கும்போது முழங்கால் ஓட ஆரம்பித்தது. மேசை ஆடியது. விரல் தானாகவே அழுத்திவிட்டதா, அவர் அழுத்தினாரா என்று சொல்ல முடியாது. போய்விட்டது.

ரூமியாதி அப்பாவின் படத்தை மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“போட்டோ எடுத்துக்கலையே பாக்?”

“வேண்டியதில்ல. கூட்டம் இல்ல இப்ப.”

“அப்பா ஏதாவது தப்பா எழுதிட்டாரா?”

“இல்ல. அவர் சரியாத்தான் எழுதினார். நான்தான் தப்பாப் படிச்சேன்.”

“அம்மா உயிரோட இருந்திருந்தா உங்க பக்கம்தான் பேசியிருப்பா.”

குழம்புக்குக் காசு வாங்கமாட்டேன் என்றாள். வைத்துவிட்டு வந்தார்.

வினார்சியை அழைத்தபோது அவள் பாடம் நடத்தும் பள்ளியில் வீட்டுக்கு விடும் மணி அடித்துக்கொண்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னார்.

“சாப்பிட்டீங்களா?”

“பாதி.”

“வீட்டுக்கு வாங்க.”

“வரேன்.” ஸ்கூட்டரைக் கிளப்பியவர் சாவியைத் திருப்பி நிறுத்தினார். ரயில்காரருக்கு நாள் எப்போது தொடங்கும் என்று இன்றுவரை அவர் யாரையும் கேட்டதில்லை. மற்ற நாலு பேரைப் பற்றியும்தான் கேட்கவில்லை. பாஹிங் சந்தையில் எழுதியவர் மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர்; அவர் நாள் மக்ரிப்பில்தான் தொடங்கியிருக்கும். பொன் சந்தைக்காரர் சீனக் கடையில் கணக்கெழுதியவர். வாகே சந்தைக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். நாளைய சந்தையான லெகிக்காரரைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. ஒழுங்காக நடந்ததாகச் சொன்ன நாலு கோடுகளும் உண்மையில் ஒழுங்காக நடந்தவையா, எல்லாரும் சேர்ந்து தவறியவையா?

“மாஸ்? இருக்கீங்களா?”

“இருக்கேன். நாளைக்கு லெகி. அந்த ஊர் இங்கேருந்து பதினெட்டு கிலோமீட்டர்தான். நோட்டு எழுதினவரோட வீட்டுல யாராவது இருப்பாங்க. ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு வந்துடறேன்.”

“இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாது.”

“டீயாவது குடிச்சிட்டுப் போங்க” என்றாள். “மேசை இல்லாத கடையாப் பாத்து.”

சாதிகுன் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தார். பலகையைக் கழற்றவில்லை. ஆட்டின் காதை மட்டும் கறுப்புச் சாயத்தால் நீட்டிக்கொண்டிருந்தார். ஹத்மோகோ கை உயர்த்தினார். அவர் தூரிகையை லேசாக அசைத்தார், திரும்பாமல்.

லெகி சந்தைக்குப் போகும் சாலை மேற்கே இறங்குகிறது. வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. மக்ரிப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் போய்ச் சேர்ந்தால் இன்றே கேட்டதாகும். தாமதமானால் நாளை கேட்டதாகும். அவர் வண்டியை விரட்டினார்.